வண்டிக் குளிர்பதனத்தின் வரலாறும் வெப்பக் காற்றின் காரணமும்

மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில் உள்ளது புலாவ் செபாங். அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் தம்பின் நகரம் நெகிரி செம்பிலான் மாநிலத்தைச் சேர்ந்தது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே இரயில் நிலையம். ஆதலால் அதற்கு இரண்டு பெயர்களும் சேர்த்தே வழங்குகின்றன. மலாக்கா நகருக்கு இன்று இரயில் பாதை கிடையாது. இரயிலில் வருகிறவர்கள் இங்கே இறங்கிக் காரிலோ பேருந்திலோ தெற்கே செல்ல வேண்டும். குளிர்பதனம் செய்த இரயிலிலிருந்து நண்பகலில் இறங்கி, வெயிலில் நின்ற காரில் ஏறி, விசையைத் திருப்பியதும் குளிர்ந்த காற்றுக்குப் பதிலாக வெப்பக் காற்று முகத்தில் அடித்தால் எப்படி இருக்கும் என்பதை அங்கே இறங்கியவர்களில் சிலரேனும் அறிவர். இக்கட்டுரையாசிரியனும் அறிவான்.

என் பழைய கார் ஓராண்டுக்குள் மூன்று முறை இவ்வாறு வெப்பக் காற்றை வீசியது. மூன்று முறையும் பட்டறையில் ஒரே மருந்துதான். “கேஸ் குறைந்துவிட்டது சார், நிரப்பினால் சரியாகிவிடும்” என்றார்கள். நிரப்பினார்கள்; சரியாயிற்று; நான்கு மாதத்தில் பழையபடி ஆயிற்று. நான்காம் முறை வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அங்கே இருந்தவர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினைந்து வயதில் பட்டறைத் தொழிலுக்கு வந்த முதியவர். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர், “முன்பு நிரப்பிய கேஸ் எங்கே போயிற்று சார்?” என்று கேட்டார்.

அக்கேள்வி என் மனத்தில் நின்றுவிட்டது. கேஸ் என்பது விறகு போல் எரிந்து தீர்வதன்று. பெட்ரோலைப் போல் செலவாவதும் அன்று. பின், அது குறைந்தது எப்படி? குறைந்ததை நிரப்பினால் போதும் என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? இவற்றுக்கு விடை காணக் குளிர்பதனத்தின் வரலாற்றை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது பயனுடையது. குளிர்ச்சியை வாங்கிச் செலவிடும் சரக்காக மனிதர் கருதிய காலம் ஒன்று உண்டு. வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றும் சுற்றாக அதனை அறிந்த காலம் மற்றொன்று. நம் கார்கள் இரண்டாம் காலத்தைச் சேர்ந்தவை. நம் பழக்கமோ இன்னும் முதற் காலத்திலேயே நிற்கிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றைத் தேடிய காலம்

வெப்பத்துக்கு மாற்றுத் தேடுதல் தமிழர்க்குப் புதிதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைப் பயிற்றும் ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவார்கள். தென்றல் புகுவதற்கென்று சாளரம் அமைத்த வேனிற் பள்ளி அதில் பேசப்படுகிறது. கூதிர்க்காலம் வந்ததும் மக்கள் சாளரக் கதவை அடைத்ததும், விசிறியைத் தொடாது விட்டதும், குளிர்ந்த நீரை வெறுத்ததும் அதில் சொல்லப்படுகின்றன. சிலப்பதிகாரத்திலும் வேனிற் பள்ளி, கூதிர்ப் பள்ளி என்னும் இரண்டும் வருகின்றன. பருவத்துக்கேற்ப இருப்பிடத்தை மாற்றிக் கொள்ளும் வழக்கம் செல்வர் இல்லங்களில் இருந்தது என்பது தெளிவு.

இவற்றிலெல்லாம் வெளியே உள்ள குளிர்ந்த காற்றை மனிதன் தேடிச் சென்றான். நீரையும் காற்றையும் குளிரச் செய்தவை மண்பானையும் வெட்டிவேர்த் தட்டியுமாகும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நனைத்த வெட்டிவேர்த் தட்டியை வாயிலில் தொங்கவிட்டால் அதனூடே வரும் காற்று தன் வெப்பத்தை நீருக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து உள்ளே வருகிறது. நீர்மம் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை அது அருகில் உள்ள பொருளிடமிருந்து பறித்துக் கொள்ளும். இன்றைய குளிர்பதனப் பொறிகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இவ்வொரு நியதியே அடிப்படை.

ஆயினும் இம்முறை வறண்ட காற்றில்தான் நன்கு பயன்படும். மலாக்காவின் காற்று ஈரம் நிறைந்தது. முன்னரே நீராவி மிகுந்த காற்றில் மேலும் நீர் எளிதாக ஆவியாகாது. துவைத்த துணி இங்கே உலரப் படும் பாட்டைக் கண்டவர்க்கு இது விளங்கும். எனவேதான் வட இந்தியக் கோடையில் பெரும்பயன் தந்த வெட்டிவேர்த் தட்டி மலேயாவில் வேரூன்றவில்லை. தோட்டத் துரைமார் உயர்ந்த கூரையையும் அகன்ற தாழ்வாரத்தையும் நம்பினார்கள். லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் துத்தநாகத் தகட்டுக் கூரையும், மாலையில் வாசலில் வந்தமரும் வழக்கமுமே இருந்தன.

கப்பலில் வந்த குளிர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர் ஒரு வாணிகச் சரக்காயிற்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளின் மேல் உறையும் பனியைப் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலேற்றினார். 1833ஆம் ஆண்டில் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு திங்கள் கடலில் மிதந்து கல்கத்தாவை அடைந்தபோது அதில் 100 டன் அளவுக்கு எஞ்சியிருந்தது. எஞ்சியதே வியப்பு, அதை வாங்கக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை.

சென்னையில் இப்பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டில் கடற்கரையோரம் எழுப்பப்பட்ட கட்டடமே ‘ஐஸ் ஹவுஸ்’. சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டில் அங்கே தங்கியமையால் அது இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஆனால், அப்பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே குறிப்பிடுகிறார்கள். சிங்கப்பூரிலும் 1850களில் வாம்போவா என்று பெயர் பெற்ற சீன வணிகர் ஹூ ஆ கே பனிக்கட்டி இல்லம் ஒன்றை நடத்திப் பார்த்தார். அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை.

வண்டியில் குளிர்ச்சி முதலில் வந்ததும் பனிக்கட்டியின் துணையால்தான். பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய பிராண்டியர் மெயில் என்னும் புகழ்பெற்ற இரயிலில் 1934ஆம் ஆண்டில் உயர் வகுப்புப் பெட்டிகளுக்கு இவ்வசதி அளிக்கப்பட்டது. பெட்டியின் தளத்துக்கு அடியில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி, அவற்றின் மேல் செலுத்திய காற்றை உள்ளே அனுப்பினார்கள். வழியில் உள்ள நிலையங்களில் உருகியதை வெளியேற்றிப் புதிய பாளங்களை ஏற்றினார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பனிக்கட்டி, வெப்பத்தை ஏற்று உருகித் தீர்ந்துவிடும். தீர்ந்ததை நிரப்புவது அம்முறையில் பழுது பார்ப்பதன்று, அன்றாட ஏற்பாடு. இரண்டு தலைமுறைக்கு மேல் குளிர் என்பது இவ்வாறே வாங்கப்பட்டது, செலவிடப்பட்டது, மீண்டும் வாங்கப்பட்டது. “கேஸ் குறைந்துவிட்டது, நிரப்புங்கள்” என்னும் சொல்லில் ஒலிப்பது இப்பனிக்கட்டிக் காலத்தின் குரலே.

தீராத சுற்று

பனிக்கட்டி கப்பலேறத் தொடங்கும் முன்பே வேறொரு வழி திறந்தது. ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன் 1750களில் ஒரு சோதனை செய்து காட்டினார். ஈதர் என்னும் நீர்மத்தை ஒரு கலத்தில் வைத்து, அதன் மேலிருந்த காற்றைப் பம்பினால் வெளியேற்றினார். அழுத்தம் குறைந்ததும் ஈதர் கொதித்தது. அருகிலிருந்த நீர் உறைந்தது. கொதிப்பதென்றால் சூடாவது என்று எண்ணியிருந்த உலகுக்கு, கொதித்துக் குளிர்விக்கும் பொருளும் உண்டு என்பது புதுச் செய்தி. அவருடைய மாணவர் ஜோசப் பிளாக், நீர்மம் ஆவியாகும்போது வெப்பநிலை உயராமலே பெருமளவு வெப்பத்தை விழுங்குகிறது என்பதை அளந்து நிறுவினார்.

ஆயினும் கல்லனின் ஈதர் ஒருமுறை ஆவியானால் போனதுதான். போகும் ஆவியைப் பிடித்து மீண்டும் நீர்மமாக்க முடியாதா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான ஜேக்கப் பெர்க்கின்ஸ். 1834ஆம் ஆண்டில் அவர் பெற்ற காப்புரிமையில் இன்றைய குளிர்பதனப் பொறியின் நான்கு உறுப்புகளும் இருக்கின்றன. ஈதரை ஆவியாக்கும் கலம் ஒன்று. அவ்வாவியை உறிஞ்சி அழுத்தும் பம்பு ஒன்று. அழுத்தத்தால் சூடேறிய ஆவியைக் குளிரச் செய்து நீர்மமாக்கும் கலம் ஒன்று. அந்நீர்மத்தைச் சிறிது சிறிதாக முதற் கலத்துக்குத் திருப்பியனுப்பும் குறுகிய வால்வு ஒன்று. ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு கலத்தில் வெப்பத்தை வாங்குகிறது. மற்றொரு கலத்தில் அதை இறக்கி வைக்கிறது. பொருள் தீர்வதே இல்லை. கல்கத்தாவில் முதற் பனிக்கட்டி இறங்கிய மறு ஆண்டே இக்காப்புரிமை பிறந்தது என்பது வரலாற்றின் அழகிய பொருத்தம்.

இந்நான்கு உறுப்புகளையும் நம் பட்டறைகளில் வழங்கும் பெயராலேயே அறிந்து கொள்வோம். காருக்குள் முன்பலகைக்குப் பின்னால் இருப்பது கூலிங் காயில்; அங்கே குளிர்பொருள் கொதித்து உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை வாங்குகிறது. எஞ்சினோடு வார்ப்பட்டையால் இணைந்திருப்பது கம்பிரசர். அது ஆவியை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது கண்டென்சர். அங்கே ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து நீர்மமாகிறது. காயிலின் வாயிலில் இருப்பது எக்ஸ்பான்ஷன் வால்வு. சுற்றி வரும் குளிர்பொருளையே ‘கேஸ்’ என்கிறோம். பட்டறை வாயில்களில் மலாய் மொழியில் ‘ஹாவா டிங்கின்’, அஃதாவது குளிர்காற்று, என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். பெயர் குளிரைச் சொல்கிறது. பொறி செய்வதோ வெப்பத்தை வெளியேற்றும் வேலை.

இவ்வறிவு வணிகப் பொறியாக வளர்ந்த பின் அதை மனிதர் இருக்கும் காற்றுக்குப் பயன்படுத்தியவர் வில்லிஸ் கேரியர். அவர் 1902ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்கு அமைத்த பொறியே புகழ்பெற்ற தொடக்கம். அங்கே வேலை செய்தவர்களின் வசதிக்காக அது அமைக்கப்படவில்லை. ஈரக் காற்றில் காகிதம் விரிந்து, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகின. அதைத் தடுக்கக் காற்றின் ஈரத்தை எடுக்க வேண்டியிருந்தது. குளிர்ந்த காயிலின் மேல் படும் காற்று தன் ஈரத்தை நீர்த்துளியாக விட்டுவிடும். கார் நிற்கும் இடத்தில் அடியில் நீர் சொட்டுவது இதனால்தான். அதைப் பழுதென்று அஞ்சுவோர் உண்டு. உண்மையில் மலாக்காவின் ஈரக் காற்றில் அது நலத்தின் அறிகுறி.

அக்காலத்துக் குளிர்பொருள்கள் கொடியவை. அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை கசிந்து உயிரைக் குடித்ததுண்டு. 1928ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலறிஞர் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் துணைவரும் எரியாததும் நச்சற்றதுமான புதிய பொருளைக் கண்டனர். 1930ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் மிட்ஜ்லி அதனை மூச்சில் இழுத்து, மெழுகுவத்திச் சுடரின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். பின்னாளில் ஆர்-12 என்று பெயர் பெற்ற அப்பொருள் வந்த பிறகே குளிர்பதனம் காருக்குள் அச்சமின்றி நுழைய முடிந்தது.

காருக்குள் புகுந்த கதை

1939ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் குளிர்பதனக் காரை மக்கள் முன் காட்டியது. காயிலும் விசிறியும் பின் இருக்கைக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடத்தை அடைத்துக் கொண்டன. கம்பிரசரை எஞ்சினிலிருந்து விலக்கும் கிளட்சு அதில் இல்லை. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, வார்ப்பட்டையைக் கழற்ற வேண்டும். விலை மிகுதி, போர் வேறு வந்தது, இரண்டொரு ஆண்டில் அது நின்றுவிட்டது.

1950களில் இக்குறைகள் தீர்ந்தன. மின்காந்தத்தால் பற்றி விடும் கிளட்சு வந்தது. 1954ஆம் ஆண்டில் நாஷ் நிறுவனம், வீட்டுக் குளிர்ப்பெட்டி செய்த தன் கெல்வினேட்டர் கிளையின் அறிவைக் கொண்டு, பொறி முழுவதையும் காரின் முன்பகுதியிலேயே அடக்கியது. பனிநாட்டுக்கு வேண்டிய சூடேற்றியையும் குளிர்பதனத்தையும் ஒரே அமைப்பில் இணைத்தது. இன்றைய கார்களின் அமைப்பு ஏறக்குறைய அதுவே.

வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கும் காருக்கும் ஒரு வேறுபாட்டை இங்கே குறிக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் மோட்டாரும் கம்பிரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் பற்றவைத்து மூடப்பட்டிருக்கின்றன. அதனால் இருபது ஆண்டு ஆனாலும் அதன் கேஸ் குறையாமல் இருக்கக் கூடும். காரிலோ கம்பிரசரின் அச்சு வெளியே வந்து வார்ப்பட்டையில் சுழல வேண்டும். எஞ்சினின் அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் குழாய்கள் வேண்டும். அச்சு வெளிவரும் இடத்திலும் குழாய்ப் பொருத்துகளிலும் மிகச் சிறிதளவு கேஸ் காலப்போக்கில் கசிவது இயல்பு. பல ஆண்டுக்குப் பின் சிறிது குறைந்தால் அதற்கு முதுமை காரணம் எனலாம். நான்கு மாதத்தில் குறைந்தால் அதற்கு ஓட்டை ஒன்றே காரணம்.

நோயும் காரணமும்

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைத் தெளிந்து, அதைத் தணிக்கும் வழியையும் தெளிந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்க வேண்டும் என்கிறார். பொறிக்கும் அவ்வொழுங்கே பொருந்தும். வெப்பக் காற்று என்பது நோயன்று, நோயின் குறி. காருக்குள்ளிருந்து புறப்பட்ட வெப்பம் வெளியே சென்று சேராமல் எங்கே நின்றது என்பதே வினா. வெப்பம் செல்லும் வழியிலேயே நாமும் சென்று பார்ப்போம்.

முதலில் காற்றின் வேகத்தைக் காண வேண்டும். காற்று குறைவாக வந்தால் கேஸைப் பற்றி எண்ணுவதற்கு முன், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். செம்பனைத் தோட்டத்து மண்சாலைத் தூசியில் அது விரைவில் அடைபடும். விசிறி மோட்டார் தளர்ந்திருக்கலாம். காயிலின் இடுக்குகளில் அழுக்குப் படிந்திருக்கலாம். தொடக்கத்தில் நன்கு குளிர்ந்து, அரை மணியில் காற்றும் குறைந்து குளிரும் குறைந்து, சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் குளிர்கிறதென்றால், காயிலின் மேல் பனி உறைந்து வழியை அடைத்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். காயிலின் குளிரை அறிந்து கம்பிரசரை நிறுத்த வேண்டிய உணர்கருவி அப்போது ஐயத்துக்குரியது.

காற்று வேகமாக வந்தும் வெப்பமாக இருந்தால், இரண்டாவதாகக் கம்பிரசரைப் பார்க்க வேண்டும். விசையைப் போட்டதும் கிளட்சு ‘டக்’கென்று பற்றுகிறதா? பற்றவில்லையென்றால் உருகு கம்பி, ரிலே, கிளட்சின் இடைவெளி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கேஸ் மிகக் குறைந்தாலும் அழுத்த விசை கம்பிரசரை ஓடவிடாது. எண்ணெய் சுற்றி வராமல் அது தேய்ந்துபோகாமல் காப்பதற்காக அமைந்த காவல் அது. அக்காவலை மின்கம்பியால் குறுக்கே இணைத்து ஏமாற்றுவது கம்பிரசரைக் கொல்வதாகும். இக்காலக் கார்கள் சிலவற்றில் கிளட்சே இல்லை. அவற்றில் ‘டக்’கென்னும் ஒலியை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

மூன்றாவது கண்டென்சர். நெடுஞ்சாலையில் ஓடும்போது குளிர்ந்து, புலாவ் செபாங் நிலைய வாயிலில் காத்து நிற்கும்போது வெப்பக் காற்று வந்தால், வெப்பம் இறங்க இடமின்றி நிற்கிறது என்பது பெரும்பாலும் உண்மை. ஓட்டத்தில் எதிர்க்காற்று செய்யும் வேலையை நிற்கும்போது மின்விசிறி செய்ய வேண்டும். அது சுழல்கிறதா என்பதையும், கண்டென்சரின் இடுக்குகளில் சேறும் பூச்சியும் அடைந்துள்ளனவா என்பதையும் கண்ணாலேயே காணலாம். சில வேளை அதற்கு வேண்டிய மருந்து ஒரு வாளி நீரே.

நான்காவது, பனிநாட்டிலிருந்து வந்த நோய். சூடேற்றியும் குளிர்பதனமும் ஒரே பெட்டியில் இணைந்த கார்களில், சூட்டையும் குளிரையும் கலக்கும் தட்டு ஒன்று உள்ளே அசைகிறது. அது சூட்டுப் பக்கம் சிக்கிக் கொண்டால், காயில் நன்றாகக் குளிர்ந்தும் எஞ்சின் வெப்பம் கலந்த காற்றே வெளியே வரும். மலாக்காவில் ஒரு நாளும் தேவைப்படாத உறுப்பு மலாக்காக்காரருக்கு வியர்வையைத் தருகிறது! சூடேற்றி இல்லாத கார்களுக்கு இந்நோய் இல்லை.

இவ்வளவும் பார்த்த பின்னரே அழுத்தமானியை எடுக்க வேண்டும். இங்கேயும் ஒரு மயக்கம் உண்டு. எஞ்சின் ஓடாதபோது மானியைப் பொருத்தி, அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆகவே கேஸ் நிறைந்திருக்கிறது என்று சிலர் முடிவு செய்கிறார்கள். சமையல் வாயு உருளை கிட்டத்தட்டக் காலியாகும் வரையில் அடுப்புச் சுடர் ஒரே மாதிரி எரிவதை வீட்டில் காண்கிறோம். உள்ளே நீர்மம் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று. ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள் நிறைந்த கார், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிற்கும்போது, நிறைந்திருந்தாலும் பாதியானாலும் மானி சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும்.

ஓடும்போது காட்டும் இரண்டு அளவுகளே பேசும். நல்ல நிலையில் உள்ள காரில் தாழழுத்தப் பக்கம் 30 பவுண்டு அளவிலும், உயரழுத்தப் பக்கம் நம் வெயிலில் 200 பவுண்டுக்கு மேலும் நிற்கும். இரண்டும் தாழ்ந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்தால் கண்டென்சரில் வெப்பம் இறங்கவில்லை. அல்லது கேஸ் மிகுதி. அல்லது சுற்றுக்குள் காற்றுப் புகுந்துவிட்டது. தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்தால் கம்பிரசர் வலுவிழந்தது. தாழ்பக்கம் வெற்றிடத்தை நோக்கி இறங்கினால் வால்வு அடைபட்டது, அல்லது உள்ளே புகுந்த ஈரம் வால்வின் வாயில் பனியாக உறைந்தது. ஏழு காரணங்களில் ஒன்றுக்கே கேஸ் நிரப்புவது தொடர்புடையது. மிகுதியாக நிரப்புவதும் வெப்பக் காற்றுக்குக் காரணமாகும் என்பதை மறக்கக் கூடாது.

கேஸ் குறைவுதான் என்று தெளிந்தால் அடுத்த வினா அது வெளியேறிய வழி. குளிர்பொருளோடு கம்பிரசர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்க் கறை படிந்து அதில் தூசி ஒட்டியிருக்கும். சோப்பு நீர் தடவினால் குமிழி எழும். ஒளிரும் சாயமும் மின்னணுக் கருவியும் மிகச் சிறிய கசிவையும் காட்டும். ஓட்டையை அடைத்து, வெற்றிடப் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, காரின் மூடியடியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த எடைக்கு நிறுத்து நிரப்புவதே முறை. இவற்றைப் பொறியறிந்தவரே செய்ய வேண்டும். அழுத்தத்திலிருந்து பீறிடும் குளிர்பொருள் விரலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும்.

வானம் வரை சென்ற கசிவு

பட்டறையில் கசிந்த கேஸ் பட்டறையோடு நின்றுவிடவில்லை. 1974ஆம் ஆண்டில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு வேதியியலறிஞர்கள், ஆர்-12 போன்ற பொருள்கள் அழியாமல் மேல் வளிமண்டலத்தை அடைந்து, அங்கே சூரிய ஒளியில் சிதைந்து வெளிவிடும் குளோரின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். பலர் அதை நம்பவில்லை. 1985ஆம் ஆண்டில் தென்துருவத்தின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் மூவர் அறிவித்தார்கள். 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலேசியா 1989ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. 1995ஆம் ஆண்டில் அவ்விரு அறிஞரும் பால் குருட்சன் என்பாரும் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

மூச்சில் இழுத்துக் காட்டும் அளவுக்குத் தீங்கற்றதென்று மெச்சப்பட்ட பொருளே வானத்துக்குத் தீங்காயிற்று. அதில் பட்டறைகளுக்கும் பங்குண்டு. அந்நாளில் பழுது பார்க்கும்போது குழாயைத் தளர்த்திக் கேஸை வெளியே விட்டுவிடுவது உலகெங்கும் வழக்கம். கசிவைத் தேடாமல் நிரப்பிக் கொண்டேயிருப்பதும் வழக்கம்.

1990களில் புதிய கார்களில் ஆர்-134ஏ இடம் பெற்றது. அதில் குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது. ஆனால் அதற்கென்று வேறு எண்ணெய் வேண்டும். பழைய காரில் எண்ணெயை மாற்றாமல் புதிய கேஸை நிரப்பியதால் இறுகிப்போன கம்பிரசர்கள் பல. மேலும் அது வெப்பத்தைப் பிடித்து வைப்பதில், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. ஒரு சிறிய காரில் உள்ள அரைக் கிலோ வெளியேறினால் 700 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்கு அது சமம். இதனால் 2016ஆம் ஆண்டில் கிகாலியில் மொன்றியல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, இத்தகைய பொருள்களும் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டியவை ஆயின. ஆர்-1234ஒய்எஃப் என்னும் மற்றொரு குளிர்பொருள் புதிய கார்களில் வந்துவிட்டது. ஒன்றிருக்கும் சுற்றில் மற்றொன்றைக் கலக்கக் கூடாது.

எனவே, நிரப்பி அனுப்பும் பழக்கம் காருக்குடையவரின் பணத்தை மட்டும் வீணாக்கவில்லை. பனிக்கட்டி உருகினால் நீராகும்; அதனால் எவர்க்கும் கேடில்லை. குளிர்பொருள் கசிந்தால் அதன் விளைவு இன்னும் பிறவாதவர்களையும் சேரும்.

முதியவர் செய்தது

புலாவ் செபாங்கில் தொடங்கிய என் கதையை முடிக்கிறேன். அம்முதியவர் விசிறியைப் பார்த்தார், கண்டென்சரைப் பார்த்தார், மானியை எடுத்ததெல்லாம் பின்னர்தான். கேஸ் நிரப்பும் வாயின் மூடியைக் காணவில்லை. மூன்று முறை நிரப்பியவர்களில் யாரோ அதைத் திரும்பப் போட மறந்திருந்தார்கள். அவ்வாயில் சோப்பு நீரைத் தடவினார். ஒரு சிறு குமிழி மெல்ல எழுந்து உடைந்தது, மற்றொன்று எழுந்தது. டயரில் காற்றடிக்கும் வாயில் இருப்பது போன்ற ஒரு சிறிய வால்வு ஊசி தேய்ந்திருந்தது. இருவர் தேநீர் அருந்தும் செலவுக்குள் அடங்கும் பொருள் அது. கேஸ் நிரப்பிய வாயே கேஸ் வெளியேறும் வாயாக இருந்தது!

பழுதைச் சரிசெய்து, அரை மணி நேரத்துக்கு மேல் வெற்றிடப் பம்பை ஓட்டி, எடை பார்த்து நிரப்பினார். “இனி இதற்காக நீங்கள் வரக் கூடாது சார்” என்றார். அவ்வாறே அதற்காக நான் போகவில்லை.

அவர் ஜேக்கப் பெர்க்கின்ஸின் பெயரைக் கேட்டதில்லை. ஆனால், சுற்றில் உள்ளது தீராது, குறைந்தால் வழி ஒன்று இருக்க வேண்டும் என்னும் பெர்க்கின்ஸின் அறிவு அவர் கையில் இருந்தது. நம் மாணவர்களில் பலர் நாளை பட்டறைகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் செல்வார்கள். அவர்களுக்கு மண்பானையைக் காட்டி ஆவியாதலையும், நெடுநல்வாடையைக் காட்டி வேனிற் பள்ளியையும் கற்பிக்கிற ஆசிரியர், அங்கிருந்து இரண்டு படி மேலே சென்று இச்சுற்றையும் தமிழிலேயே விளக்கிவிடலாம். பானையில் கசியும் நீர் போனால் போனதுதான். காரில் சுற்றும் பொருள் போகக் கூடாது. இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்த மாணவன் நாளை மானியைக் கையில் எடுக்கும்போது, நிரப்புவதற்கு முன் முதியவர் கேட்ட கேள்வியைக் கேட்பான்.